வெள்ளையம்மாள் அளந்த ஊற்று

ஏற்காடு கடைவீதியில் உள்ள எஸ்.டி.டி. பூத்திலிருந்து வெள்ளையம்மாளின் மகள் பழனியம்மாள் பேசினாள். "அம்மா போயிட்டாங்க சார். நேத்தே அடக்கம் பண்ணிட்டோமுங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு தோணுச்சு." சேலத்தில் அடுத்த பஸ்ஸைப் பிடித்து, மாரமங்கலம் போய்ச் சேர்ந்தபோது மேட்டுக்காட்டில் புது மண் குவிந்திருந்தது. வெள்ளையம்மாளைத் தெரிந்த நீங்கள் பலரும் அங்கே இருந்தீர்கள். என்னைப் பேசச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சேர்வராயன் மலை ஊற்றுகளை அளக்கும் ஆய்வு ஒன்றில் நான் களப்பணியாளனாக இருந்தேன். மாரமங்கலத்துக்கு மேலே ஒரு சிற்றூருக்கு ஒரே ஊற்றுதான் குடிநீர். அதைக் காலையும் மாலையும் அளக்க உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த வெள்ளையம்மாள் வந்தார். அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஊற்று நீர் விழும் குழாயின் கீழே வாளியை வைத்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு மாலை அவர் போகவில்லை. நோட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முந்தின நாளையும் மறுநாளையும் பார்த்து, பொருத்தமான ஓர் எண்ணை நானே போட்டேன். எங்கள் வேலையில் அது வழக்கம். அவர் என் கண்ணெதிரே பேனாவை வாங்கி அதை அடித்தார். "அன்னைக்கு நான் போகலீங்க சார். போகாத நாளைக்கு எண்ணு எப்படிங்க வரும்?"

இரண்டாம் கோடை கொடுமையாக வந்தது. ஊற்று நூலாக இறங்கிவிட்டது. பெண்கள் விடியலில் வைத்த குடம் மத்தியானம்தான் நிறைந்தது. முறை மாறிவிட்டது என்று ஒரு நாள் சண்டை மூண்டு, ஒருத்தி பித்தளைக் குடத்தால் செல்லி என்ற பெண்ணின் மண்டையில் அடித்தாள். ரத்தம் அளக்கும் வாளிக்குள் சொட்டியது. வெள்ளையம்மாள் தன் முந்தானையைக் கிழித்துச் செல்லிக்குக் கட்டுப்போட்டார். பிறகு வாளியைக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

ஊருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட். அங்கே புதிதாகக் கிணறு வெட்டி மோட்டார் வைத்திருந்தார்கள். மழை பொய்த்ததால்தான் ஊற்று வற்றுகிறது என்றார் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளையம்மாள்தான் ஒரு நாள் கேட்டார்: "திங்கக்கிழமை காத்தால மட்டும் வாளி வெரசா நெறையுதுங்க. அது ஏனுங்க?" நோட்டைப் புரட்டினோம். வாரம் தவறாமல் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓடுவதில்லை.

முதலில் ஆபீசுக்கு எழுதிப்போடுங்கள், ஊரில் இப்போது சொல்ல வேண்டாம், எல்லாரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள் என்று அவர் என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. கோயில் முன்னால் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று நோட்டை வாசித்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. வாசித்து முடிப்பதற்குள் ஆண்கள் கடப்பாரையோடும் கொடுவாளோடும் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

மோட்டார் அறையின் கதவைப் பெயர்த்தார்கள். மோட்டாரை உடைத்துக் கிணற்றில் தள்ளினார்கள். அதோடு போயிருக்கலாம். அறையின் மூலையில் மாது என்பவர் ஒளிந்திருந்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மோட்டார் ஆள்; சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதும் தவிர அவருக்கு எதிலும் பங்கில்லை. அவரைக் காலைப் பிடித்து இழுத்து வந்து மிதித்தார்கள். குச்சியால் அடித்தார்கள். வெள்ளையம்மாளின் கணவர் சடையன் ஒரு கல்லால் அவர் முகத்தில் அடித்தார். நான் சில்வர் ஓக் மரத்தின் அருகில் நின்றுகொண்டிருந்தேன்.

கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த வெள்ளையம்மாள் மாதுவின் மேல் விழுந்து மூடிக்கொண்டார். அவருடைய முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் கை ஓய்ந்தது. எஸ்டேட் ஜீப்பில் மாதுவை ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவருடைய தலை வெள்ளையம்மாளின் மடியில் இருந்தது. ஒரு கண் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி முதலில் என்னைக் கேட்டார். கூட்டத்தில் யார் அடித்தது என்று தெரியவில்லை என்றேன். ஊரே அப்படித்தான் சொன்னது. பிறகு வெள்ளையம்மாளைக் கூப்பிட்டார். அவர் நோட்டைப் பிரித்து வைத்து, திங்கட்கிழமைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அதிகாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, மோட்டார்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். கல்லால் அடித்தது யார் என்று அடுத்துக் கேட்டார்.

"எம்பட ஊட்டுக்காரருங்க."

யோசித்துச் சொல்லும்மா என்றார் அவர்.

"தண்ணிக்கு நான் சொன்னதை நம்புனீங்க இல்லீங்களா? இதையும் நம்புங்க."

இனி குறித்த நேரத்துக்கு மேல் எஸ்டேட் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஊற்று மெல்லத் தேறியது. சடையன் ஜெயிலுக்குப் போனார். ஊர் வெள்ளையம்மாளை ஒதுக்கியது. ஊற்றில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். அளப்பதை மட்டும் அவர் விடவில்லை. வாளி நிறைந்ததும் விநாடியை எழுதிவிட்டு, தண்ணீரைக் கல்லில் கொட்டிவிட்டு, குடத்தோடு கீழே ஓடைக்கு இறங்குவார். ஏறி வரும் வழியில் கல் வந்து குடம் உடையும். மறுபடி இறங்குவார். ஆய்வை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இந்த ஊத்தைப் பத்தித்தானே எழுதிக்கிட்டு இருக்கறோமுங்க" என்றார்.

சடையன் திரும்பி வந்த அன்று, களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாளைப் பின்னாலிருந்து கொடுவாளால் வெட்டினார். வலது தோள் பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் அவர் காதோரம் குனிந்து, காப்பித் தோட்டத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுங்கள், மறுபடி பகை வேண்டாம் என்றேன். அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "அவருதானுங்க வெட்டினாரு. நான் கேசு குடுக்கலீங்க. ஆனா வழுக்கி விழுந்தேன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க."

அதற்குள் சடையன் மலையை விட்டே போய்விட்டிருந்தார். குடகுப் பக்கம் தோட்ட வேலையில் இருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். வெள்ளையம்மாளின் வலது கை தோளுக்கு மேல் எழவேயில்லை. அதன் பிறகு நோட்டில் இடது கை எழுத்து. எட்டும் மூன்றும் ஒன்றுபோல இருக்கும்; எது எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்.

வெள்ளையம்மாள் கட்டுப் பிரித்து வந்த வாரத்தில் செல்லி ஊற்றில் ஒரு குடத்தை நிரப்பி, யாரையும் கேட்காமல், அவர் இடுப்பில் ஏற்றி வைத்தாள். வரிசையில் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஊர் விலக்கு முடிந்தது அப்படித்தான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது சில ஆண்டுகளுக்கு முன். முற்றத்தில் மிளகு உலர்ந்துகொண்டிருந்தது. மாதுவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று விசாரித்தார். தெரியாது என்றேன். மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே, "சாருங்க, அன்னைக்கு நீங்களும் பாத்தீங்க இல்லீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதன் பிறகு நான் மாரமங்கலம் போகாமல் இருந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவரைத் தெரிந்த உங்கள் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன். ஆமாம் வெள்ளையம்மா, பார்த்தேன். சடையன் குனிந்து கல்லை இரண்டு கையாலும் தூக்கியதைப் பார்த்தேன். பத்தடி தூரம்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.