இரண்டாவது ரிமோட்

அனகாபுத்தூரில் சிமென்ட், கம்பிக் கடை வைத்திருக்கும் சாம்பசிவனுக்கு ஒரு கார் உண்டு. வாரத்தில் ஆறு நாள் அது கேட்டுக்குள் உறை போர்த்திக்கொண்டு நிற்கும். அவர் கடைக்குப் போவது பைக்கில். அவர் மனைவி தையல்நாயகி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போவது ஷேர் ஆட்டோவில், யார் யாருடைய பைகளையோ மடியில் தாங்கிக்கொண்டு. வீட்டில் கார் தூங்க, வீட்டுக்காரி ஆட்டோவில் தொங்க, இந்த அநியாயத்தைக் கேட்க நாதியில்லை.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டி கெட்ட பிறகு, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முறையாக லைசென்ஸ் எடுத்தவள். எடுத்த புதிதில் கேட் தூணில் லேசாக உரசிவிட்டாள். பம்பரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். சாம்பசிவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் இரண்டாவது ரிமோட் காணாமல் போனது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. சென்டர் லாக்கும் சைரனும் தனியாகக் கடையில் மாட்டியவை. ரிமோட்டை அமுக்காமல் வெறும் சாவியால் கதவைத் திறந்தால் சைரன் தெருவையே கூட்டிவிடும், வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. மிச்சமிருந்த ஒரே ரிமோட் சாம்பசிவனின் சாவிக்கொத்தில்.

"வேற ஒண்ணு வாங்கலாங்க" என்பாள்.

"வாங்கலாம், வாங்கலாம். இன்னா அவசரம்? வண்டி எங்கியும் ஓடிப்போவாது."

அவளுக்கு எரிச்சலே அதுதான். எங்கும் ஓடாமல்தானே நிற்கிறது!

இரண்டு வருடம் கேட்டு அலுத்துப்போய், தாம்பரத்தில் ஒரு கடைக்குத் தானே போனாள். "சாரையும் வண்டியையும் அனுப்புங்க மேடம், பண்ணிடலாம்" என்றார் கடைக்காரர். ரிமோட் வேண்டுமென்றால் வண்டி வர வேண்டும். வண்டி வர ரிமோட் வேண்டும். இரண்டுக்கும் சார் மனசு வைக்க வேண்டும். கடுப்போடு திரும்பி வந்தவள், அதே மாதிரி ரிமோட்டை ஆன்லைனில் வரவழைத்தாள். அதை வண்டியில் எப்படிப் பதிவது என்று வீடியோ பார்த்தாள். அந்த ஆள் இந்தியில் பேசினான். அவள் அவன் கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்புக்குப் பிறகு சாம்பசிவன் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். டிவி ஸ்டாண்டில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்க் காரைத் திறந்தாள். உள்ளே அடுப்புச் சூடு. ஸ்டியரிங்குக்கு அடியில், ஒயர்களுக்கு நடுவே எங்கோ ஒரு சின்ன பட்டன் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், கெட்டுப்போன முட்டியோடு, பெடலுக்குப் பக்கத்தில் தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தில் தேடிக் கண்டுபிடித்தாள்.

சாவியை ஆன் செய்து பட்டனை அமுக்கினால் இண்டிகேட்டர் மினுக்கும். மினுக்கும்போதே புது ரிமோட்டை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் என்றது வீடியோ. வீடியோவுக்கென்ன, அதற்கா முட்டி வலிக்கிறது? முதல் தடவை மினுக்கவே இல்லை. அடுத்த தடவை மினுக்கியது, ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுப்பதற்குள் அணைந்துவிட்டது. ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள். இப்போது மினுக்கியது, அமுக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினாள். "சனியனே, உனக்கும் அவரு சொல்லணுமா?" என்று அதைத் தூக்கி எறியப் போனாள்.

அப்போதுதான் பார்த்தாள். ரிமோட்டின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியைத் தடுக்கும் அந்தத் தாளை அவள் உருவவே இல்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். உருவிவிட்டு மறுபடி முயன்றாள். நாலு கதவும் ஒன்றாக 'டக்' என்றன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. டப்பாவில் இருந்த காகிதத்தின் கடைசி வரியை அப்புறம்தான் படித்தாள். எல்லா ரிமோட்டையும் ஒரே தடவையில் பதிய வேண்டுமாம், விட்டுப்போனவை செத்துப்போகுமாம். அவர் ரிமோட்டை அமுக்கிப் பார்த்தாள். செத்துத்தான் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குனிவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாயகி, காபி!"

வண்டியைப் பூட்டிவிட்டுச் சாவிக்கொத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். காபி கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாய் வரவில்லை. புருஷன் வண்டியைக் கெடுத்த குற்றத்துக்கு, அவர் கேட்காமலே காபியோடு முறுக்கும் வைத்தாள். அவரோ படப்பையில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு நேரமாகிறது, இன்னும் புடவை கட்டவில்லையா என்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் கட்டி முடித்து வாசலுக்கு வந்தபோது அவர் கார் முன்னால் நின்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். "இன்னா ஆச்சு இதுக்கு? பேட்டரி பூடுச்சா?" என்றவர் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். சைரன் அலறியது. எதிர்வீட்டு ஈவ்லின் டீச்சர் பால்கனிக்கு ஓடி வந்தார்.

"ஏங்க, ஒரு நிமிஷம், நான்தான்..." என்று தையல்நாயகி ஆரம்பித்தாள். அவர் காதிலேயே வாங்காமல் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வந்தவர் கையில் இன்னொரு ரிமோட், கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உறையோடு வைத்து அமுக்கினார். அதுவும் செத்துப் போயிருந்தது.

இரண்டு வருடம் கிடைக்காத பொருள், ஒரு சைரன் அடித்து ஓய்வதற்குள் கிடைத்துவிட்டது.

தையல்நாயகி தன் பையிலிருந்து புது ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். சைரன் நின்றது. தெரு திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அது எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சாம்பசிவன் தன் கையைப் பார்த்தார். "பட்டு வேட்டிக்கு அடியில..." என்றார். பிறகு, "நீ எங்கனா இடிச்சிக்கப் போறியேன்னு ஒரு பயம்தான் நாயகி" என்றார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மழையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்ற அத்தனை நாளும் அந்த ரிமோட் வேட்டி மடிப்பில் காயாமல் நனையாமல் சுகமாக இருந்திருக்கிறது. இவளோ அவர் ரிமோட்டைச் சாகடித்ததற்கு மத்தியானத்திலிருந்து குற்றவாளி மாதிரி வளைய வந்துகொண்டிருந்தாள்.

"சாவியக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவள் ஏறி வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் ஏறினார்.

"அப்ப, என்னோடது ரெண்டும்?"

"புதுசா பதியணும்."

"எப்ப பதிவே?"

"பதியலாம், பதியலாம். இன்னா அவசரம்? வண்டி எங்கியும் ஓடிப்போவாது."

வண்டி பின்னோக்கிக் கேட்டைக் கடந்தபோது சாம்பசிவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூணையே பார்த்தார். எங்கும் உரசவில்லை. செத்துப்போன இரண்டு ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.