கண்ணாடி அக்காவின் போட்டோ

கடைவீதியில் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி அக்கா’. நகைக்கடை, கடிகாரக்கடை ஷோகேஸ்களைப் படம் பிடிப்பதுதான் இருபது வருடப் பிழைப்பு. கண்ணாடிக்குச் சற்றே சாய்வாக நின்று, லென்ஸ் முனையில் மாட்டிய போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருகுவாள். கண்ணாடியில் விழும் பேருந்தும் மனிதர்களும் கரைந்து, உள்ளே இருக்கும் பொருள் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டில் அவள் ஒருத்திதான். பல நாட்களில் கடைக்காரரிடம் சொல்லும் "முடிஞ்சுதுங்க"தான் அவள் பேசும் கடைசி வார்த்தை.

ஒரு நாள் வெளியூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "பாப்பா ஸ்கூல்ல குடும்ப ஆல்பம் செய்யணுமாம். பெரியம்மா எப்படி இருப்பாங்கன்னு கேக்கறா. உன் போட்டோ ஒண்ணு அனுப்புக்கா."

"அதுக்கென்ன, அனுப்பறேன்" என்றவள் கம்ப்யூட்டரை மதியம் முழுக்கத் துழாவினாள். ஆயிரக்கணக்கில் கைக்கடிகாரங்கள், வளையல்கள். அவள் படம் மருந்துக்குக்கூட இல்லை.

மறுநாள் கடிகாரக்கடை வேலை முடிந்ததும் கண்ணாடிக்கு நேர் எதிரே போய் நின்றாள். பழக்க தோஷத்தில் கை ஃபில்டரைத் திருகியது. ஆனால் கண்ணாடிக்கு நேராக நிற்பவரின் பிம்பத்தை அந்த ஃபில்டரால் மறைக்க முடியாது. எவ்வளவு திருகினாலும், நரைத்த தலையோடு ஒருத்தி கேமராவைப் பிடித்தபடி நின்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதையே படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் தங்கையின் போன். "என்னக்கா, இப்படித் துரும்பா இளைச்சுப் போயிட்டே? சாப்பிடறியா இல்லையா? சனிக்கிழமை நாங்க வர்றோம். எதுவும் பேசாதே."

அவள் வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேசையின் மற்ற நாற்காலிகளில் குவிந்து கிடந்த கேமரா பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள்.