ஒரே ஆளுக்கு இரண்டு எண்

றாஹிலா ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்தேழில் கல்முனைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் ஒரு மலேரியா மருந்து ஆய்வு நடந்தது. நான் இரத்தம் எடுக்கிறவன், அவள் கொம்பியூட்டரில் விபரம் பதிகிறவள். நடந்தது எனக்குத் தெரியும்.

வீடுகளுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஒன்று, கொடுத்த மாத்திரைக்கு ஒன்று. எல்லாவற்றையும் எண்தான் இணைத்தது. திரையில் கேள்வியை அடித்தால் அந்த இடத்திலேயே பதில் வரும். ஆளின் எண்ணை வீட்டு எண்ணோடு சேர்த்துக் கொழும்பு டொக்டர் அமைத்திருந்தார். நாங்களும் தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விடுவான் என்பது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. அவ்வளவு பழகிப்போன விஷயத்தை யார் யோசிப்பார்கள்!

ஸைனம்பு மாமியின் மூத்த மகன் ஹமீடுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகிப் படுத்தான். நிறுத்தியதும் தேறினான். அதை றாஹிலா பதிந்திருந்தாள். பிறகு அவன் மாவடிப்பள்ளியில் கலியாணம் முடித்துப் போனான், பழைய எண் மூடப்பட்டது. அங்கே காய்ச்சல் வந்தபோது புது எண் போட்டார்கள்.

"முந்தி இந்த மருந்து குடிச்சிரிக்கீங்களா?" என்று கேட்டதற்கு, "இல்ல" என்றான். புதுமாப்பிள்ளை. மாமனார் மாமியார் முன்னால் தன் உடம்பில் குறை சொல்ல வெட்கப்பட்டான், பாவம். மாத்திரையைக் குடித்தான், அந்தக் கிழமையே மௌத்தானான்.

காய்ச்சலால் வந்த மரணம் என்றுதான் பதிவானது. றாஹிலாவுக்கு மனம் கேட்கவில்லை. பெயரையும் வாப்பாவின் பெயரையும் பிறந்த ஆண்டையும் கொடுத்துத் தேடினாள். திரையில் இரண்டு ஹமீட் வந்தார்கள். ஒருவன் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் படுத்துத் தேறி வீடு மாறியவன், மற்றவன் இறந்தவன்.

உறுதிப்படுத்த ஸைனம்பு மாமியிடம் போனோம். அவருடைய இளைய மகன் காலிதீனுக்குத்தான் றாஹிலாவைப் பேசி முடித்திருந்தது.

"ரெண்டையும் சேக்காத புள்ள," என்று மாமி அழுதார். "நோய் வருத்தத்த மறச்சுக் கலியாணம் முடிச்சுக் குடுத்த எண்டு அந்த ஊட்டார் என்னக் கொல்லாமக் கொல்லுவாங்க."

"காலிதீன் மச்சானும் அந்த மருந்துப் பட்டியல்ல இரிக்காரு மாமி. ஒரே வயித்துப் புள்ள, அவருக்கும் ஒத்துக்காம போகலாம்."

"அவனக் குடிக்க உடமாட்டன். நீ இதச் செஞ்சா, அவன் உன்ட ஊட்டு வாசல மிதிக்கமாட்டான்."

காலிதீன் தப்பினால் அவளுக்குப் போதும்தான். ஆனால் மாத்திரைதான் ஹமீடைக் கொன்றது என்பது தெரியாவிட்டால், இரத்தத்தில் அதே குறையுள்ள இன்னும் எத்தனை பேர் அதை விழுங்குவார்கள்?

"அப்ப மச்சான் வர வேணாம் மாமி." என்றாள்.

இரண்டு பதிவையும் சேர்த்தாள். டொக்டர் மருந்தை நிறுத்தி, எல்லாருடைய இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். காலிதீனுக்கும் வேறு சிலருக்கும் அதே குறை இருந்தது. ஆளுக்கு ஒரே எண், எந்த வீட்டுக்குப் போனாலும் அது மாறாது என்று அமைப்பையும் திருத்தினார். மாமியும் சொன்னபடி சம்மந்தத்தை முறித்தார்.

அடுத்த வருடம் காலிதீன் சம்மாந்துறையில் கலியாணம் முடித்தான். வீடு மாறியவர்களின் விபரம் எங்கள் மேசைக்கு வந்தது. நான் அவளுக்கு அண்ணன் மாதிரி, நானே பதிகிறேன் என்றேன்.

"வேணாம் நானா, இது என்ட வேல."

முக்காட்டால் கண்ணைத் துடைத்துவிட்டு அவனுடைய எண்ணை அடித்தாள். பழைய வீட்டை எடுத்துவிட்டு இன்னொருத்தியின் வீட்டைப் போட்டாள். பக்கத்தில் ‘உயிருடன் இருக்கிறார்’ என்று இருந்தது. அதை மாற்றவேண்டி வரவில்லை.