மணிக்கு நாலு செகண்ட்

பகலில் நூலகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு விடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

யாரும் சொந்தம் கொண்டாடாத இயங்குதளம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதில் புதுப் பதிப்பு வரும். வந்ததும் செய்கிறவர்கள் கூட்டமெல்லாம் புதுசின் பின்னால் ஓடிவிடும். பழைய பதிப்பை வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை யார் பார்ப்பது? அக்காதான். எங்காவது திருடன் நுழைகிற ஓட்டை தெரிந்தால், அல்லது மெஷின் திடீரென்று உறைந்துபோனால், புதுசுக்குச் செய்த திருத்தத்தைப் பழசுக்குப் பொருந்தும்படி வெட்டி ஒட்டி, ஓட்டிப் பார்த்து, நம்பர் போட்டு, ஒரு பக்க அறிவிப்போடு அனுப்புவாள். பேட்ச் என்பார்கள். கூட்டத்தில் அவளுக்குப் பெயரே ‘பழசு அக்கா’. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இதில் அவள் வந்து மாட்டிக்கொண்டதே கோபத்தில்தான். வீட்டுக்குக் கீழேயே அவள் கணவரின் கடிகார ரிப்பேர் கடை. அங்கிருந்த கம்ப்யூட்டர் தினம் ஒருமுறை உறைந்து நின்றது. அக்கா ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். “நீங்களே சரிசெய்து அனுப்பலாமே” என்று பதில் வந்தது. என்ன திமிர் என்று கொதித்துப்போய் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நிஜமாகவே சரிசெய்து அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எழுந்தபாடில்லை.

கணவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே இளக்காரம். அதிலும் நேர விஷயத்தில். எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்டில் நேரம் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். கடைக் கம்ப்யூட்டரில் அதை மட்டும் அவர் அணைத்து வைத்திருந்தார்.

“கடிகாரக்காரன் கடையில உக்காந்துகிட்டு ஊரான்கிட்ட மணி கேக்கணுமா?” என்பார்.

திங்கட்கிழமைதோறும் சுவரிலிருக்கும் பெரிய பெண்டுலக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கையாலேயே அதற்கு நேரம் வைப்பார். அக்கா சண்டை போட்டுப் பார்த்துவிட்டு எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை பெரிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. வெளியிலிருந்து எவனோ அனுப்பும் ஒரு துண்டுச் செய்தி போதும், மெஷின் அவன் கைக்குப் போய்விடும். இந்த மாதிரி விஷயத்துக்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. கண்டுபிடித்தவர் திருத்துகிறவர்களிடம் மட்டும் சொல்வார். நாளும் மணியும் குறிப்பார்கள். அதுவரை வாய் திறக்கக்கூடாது, திறந்தால் திருடன் முந்திக்கொள்வான். குறித்த நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேட்சை வெளியிட வேண்டும். இந்தத் தடவை வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி.

அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மலையூரில் இருக்கும் கூட்டாளி ஒருவனோடு போனில் கிசுகிசுத்தாள். கணவர் உள்ளே வந்தால் திரையை மூடினாள். கதவுக்கு வெளியே அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “வியாழன் பன்னெண்டு மணி வரைக்கும் மூச்சு விடக்கூடாது. வீட்ல அவருக்குக்கூடத் தெரியாது.”

அந்த வியாழக்கிழமை அவருக்கு ஐம்பது வயது நிறைகிறது.

பிறந்தநாளையெல்லாம் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் ஐம்பது ஐம்பதுதானே. மனுஷர் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் போய், “எனக்குத் தெரியாம வீட்ல என்னமோ பெரிய ஏற்பாடு நடக்குதுங்க” என்று சொல்லிவிட்டும் வந்தார். புதுச்சட்டை வேறு வாங்கினார். அக்காவோ அந்தத் தேதியைச் சுத்தமாக மறந்திருந்தாள். வியாழன் என்றால் அவளுக்குப் பேட்ச், வேறு எதுவும் இல்லை.

புதன் மாலை கடை மூடும் நேரத்துக்குக் கீழே வந்தாள்.

“உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு போட்டுப் பாக்கணும். என்னன்னு கேக்காதீங்க.”

“கேக்கவே மாட்டேன்” என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

வழக்கமாக இதற்கு அரைமணி நேரம் முணுமுணுப்பவர். அக்காவுக்கு ஒரு மாதிரி இருந்தது, ஆனால் யோசிக்க நேரமில்லை. மேலே அலமாரியில் அவள் சோதனைக்கு வைத்திருந்த ஐந்து பழைய மெஷின்களிலும் அதே பேட்சைப் போட்டாள். காலையில் பார்த்தால் ஐந்தும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ‘குறை ஏதுமில்லை’ என்று கூட்டத்துக்கு எழுதினாள்.

பதினொன்று பத்துக்குக் கணவர் மேலே வந்தார். புதுச்சட்டை, படிய வாரிய தலை.

“ஏங்க, கடையை விட்டுட்டு வந்துட்டீங்க?”

“பன்னெண்டுக்கு லேட்டாயிடக்கூடாதுன்னுதான். அந்தக் கம்ப்யூட்டரை நம்பி உக்காந்திருந்தா லேட்டாத்தான் வந்திருப்பேன். காலைல பாக்குறேன், ஒரு நிமிஷம் பின்னாடி நிக்குது. சரிபண்ணி வெச்சா மறுபடியும் எட்டு செகண்ட் போயிடுச்சு.”

அக்காவின் கை விசைப்பலகை மேலேயே நின்றது.

“எவ்வளவு நேரத்துல எட்டு?”

“ரெண்டு மணி நேரத்துல. மணிக்கு நாலு செகண்ட். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பல்லு ஒண்ணு தேஞ்ச சக்கரம் மாதிரி.”

அக்கா பேட்சைத் திறந்து மறுபடி படித்தாள். கம்ப்யூட்டரும் கடிகாரம் போல டிக் டிக்கென்று எண்ணித்தான் நேரத்தைக் காக்கிறது. வருகிற செய்தியைச் சோதிக்கும்போது வேறு எந்த வேலையும் குறுக்கே வராதபடி அவளுடைய பேட்ச் கதவைச் சாத்தியது. சாத்தியதைத் திறக்க ஒரு நொடித்துணுக்கு தாமதித்தது. அந்த இடைவெளியில் வந்த டிக்குகள் எண்ணப்படாமல் விழுந்தன. மேலே இருந்த ஐந்து மெஷின்களும் இதே தப்பைத்தான் செய்தன. ஆனால் தவறவிட்டதை நெட்டில் கேட்டுத் திருத்திக்கொண்டு நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன. நெட்டில் நேரம் கேட்காத மெஷின் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவர் வீம்பினால்.

ஆனால் உலகத்தில் அப்படிப்பட்டவை எத்தனையோ. குறித்த நேரத்தில் பூட்டும் கதவுகள், மருந்து இறக்கும் கருவிகள். பேட்சை நிறுத்திவைக்கவும் முடியாது. பன்னிரண்டு மணிக்கு மற்றவர்கள் வெளியிட்டதும் ஓட்டை ஊருக்கே தெரிந்துவிடும், பழைய பதிப்புக்காரர்கள் மட்டும் கதவில்லாத வீட்டில் நிற்பார்கள்.

திறக்கும் வரியை மூன்று வரி மேலே ஏற்றினாள். மலையூர்க்காரனை அவசரமாகப் போனில் பிடித்தாள். இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் சட்டம். அவன் வரி வரியாகப் படித்துவிட்டு, “சரிதான்க்கா. ஆனா மறுபடி ஓட்டிப் பாக்க நேரம் இருக்கா?” என்றான்.

இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. பேட்சைக் கடை மெஷினில் போட்டுவிட்டுக் கணவரைப் பெண்டுலத்துக்கும் திரைக்கும் நடுவில் நிறுத்தினாள்.

“இருபது நிமிஷத்துல ஒரு செகண்டுக்கு மேல போகணும், கெட்டிருந்தா. கண்டுபிடிச்சிடுவீங்களா?”

“யார்கிட்ட கேக்குற?” என்றார் அவர், புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. “இம்மி அசையல.”

அக்கா அறிவிப்பின் கடைசி வரியை எழுதினாள். குறை கண்டவர் பெயரைப் போட்டு நன்றி சொல்வது அங்கே வழக்கம். அவர் பெயரைப் போட்டு, ‘நேரம் பிசகுவதைக் கண்டுபிடித்தவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர்’ என்று சேர்த்தாள். சரியாகப் பன்னிரண்டுக்கு அனுப்பினாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“பன்னெண்டு ஆயிடுச்சு” என்றார்.

“ஆமா, போயிடுச்சு. அப்பாடா.”

“அவ்வளவுதானா?”

அப்போதுதான் அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். தேதி ஞாபகம் வந்தது. மூன்று நாள் சிரிப்புக்கும் அர்த்தம் புரிந்தது. தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது அவளுக்கு.

“மறந்துட்டேங்க” என்றாள். “சுத்தமா மறந்துட்டேன். இதுக்காகத்தான் ஒளிச்சேன், வேற ஒண்ணுமே இல்ல.”

அவர் முகம் ஒரு கணம் தொங்கித்தான் போயிற்று. திரை பக்கம் வந்தார். மேலிருந்து கீழே வாசித்தார், ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடைசி வரியில் நின்றார். அதையே மறுபடி வாசித்தார்.

“இது எத்தனை பேருக்குப் போகும்?”

“பழசு வெச்சிருக்கிற எல்லாருக்கும். எல்லா நாட்டுக்கும்.”

“பிரிண்ட் ஒண்ணு எடு” என்றார்.

சாயங்காலம் அது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “என்னமோ ஏற்பாடுன்னீங்களே, என்ன ஆச்சு?”

“இதுதாங்க. உலகம் பூரா என் பேரை அனுப்பியிருக்கா. மூணு நாளா ஒரு வார்த்தை வெளிய விடலியே.”

அக்கா உள்ளே கடை மெஷினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். “நெசமாவாம்மா? இவருக்குத் தெரியாமலா?”

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி நின்றார்.

“ஆமாங்க” என்றாள். “வியாழன் பன்னெண்டு மணி வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தது.”