கட்டைவிரல் எண்ணெய்

மனைவியின் மாவு மில்லில் யாரோ அரைக்கக் கொடுத்த மூட்டையிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து, தட்டி உடைத்து, காகிதத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிறார் செக்குக்காரர். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். தேய்த்த இடம் மினுமினுக்கிறது.

"பாத்தியா? இதுலயும் எண்ணெய்!"

"அப்போ உங்க செக்குல போட்டு ஆட்டுங்களேன்," என்பாள் மனைவி, மெஷின் சத்தத்துக்கு மேலே.

"வராதுடி. கஞ்சப்பய விதை, உள்ளேயே ஒளிச்சு வச்சிருக்கு."

செக்குக்காரர் தொட்ட எதுவும் மினுங்கும். கதவுப்பிடி, சைக்கிள் மணி, மகளின் பாடப்புத்தகம் எல்லாம். சட்டைப்பையைப் பிழிந்தால் ஒரு விளக்கு எரியும். ஒரு சுவர் தள்ளி மனைவி தலை முதல் கால் வரை வெளுத்து நிற்பாள். "மாவுங்கிறது சும்மா மூட்டைத்துணி. சத்து பூரா எண்ணெய்தான்," என்று அவளைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அந்தச் சாப்பாடே மாவுதான் என்பதை அவர் கண்டுகொள்வதில்லை.

கடைக்குட்டி மகளின் வகுப்பில் விதைப் பாடம் வந்தது. "எங்கப்பாவுக்குத் தெரியாத விதையே இல்ல டீச்சர்" என்று பிள்ளை வாயை விட்டுவிட்டாள். டீச்சரும் அவரைக் கூப்பிட்டுவிட்டார். போகும் வழியெல்லாம் மகள் கெஞ்சினாள்: "அப்பா, மானத்தை வாங்கிடாதீங்கப்பா."

"நான் யாரு!"

தொடக்கம் நன்றாகவே இருந்தது. "விதைக்குள்ள ஒரு குட்டிச் செடி தூங்குது பசங்களா. முழிச்சதும் பசிக்கும். இலை விட்டாத்தான் வெயில்ல சமைச்சுச் சாப்பிட முடியும். அதுவரைக்கும் என்ன பண்ணும்? அம்மாச்செடி சோறு கட்டிக் குடுத்து அனுப்பிச்சிருக்கு. எள்ளு இத்தனூண்டு டப்பா. அதுல நிறைய சத்தை அடைக்கணும்னா எண்ணெய்தான்."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"கோதுமையும் பட்டாணியும் மாவா கட்டிக்கிட்டுப் போகுதுன்னு புத்தகத்துல இருக்கேப்பா," என்றாள் மகள், மெதுவாக.

"புத்தகம் எழுதினவன் செக்கு ஆட்டினானா?" பட்டாணியைத் தேய்த்தார், மினுங்கியது. கோதுமையைத் தேய்த்தார், மினுங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மகள் முகத்தில் அப்படியொரு பெருமை.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எதையோ அவர் கையில் திணித்தாள். "மாமா, இதையும் தேய்ங்க."

கைதட்டல் மயக்கத்தில் என்னவென்று பார்க்காமலே தேய்த்துத் தூக்கிக் காட்டினார். பளபளவென்று மினுங்கியது.

"அது கூழாங்கல்லு மாமா! அது எப்போ முளைக்கும்?"

வகுப்பே கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. மகள் மட்டும் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அந்தக் குனிந்த தலைதான் அவரை என்னவோ செய்தது.

"நாளைக்கும் வர்றேன் டீச்சர்," என்றார். டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீடு வந்ததும் நேராக மாவு மில்லுக்குள் நுழைந்தார். "என்னங்க, வழி மாறி வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. பயறு மாவு டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் குழாயடியில் கழுவினார். முகர்ந்து பார்த்தார். இன்னொரு பிடி அள்ளினார். புத்தகப் பையைக்கூட இறக்காமல் மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணியை உடைத்துப் புதுக் காகிதத்தில் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மினுக்கம் இல்லை. வெள்ளைப் பொடிதான் உதிர்ந்தது.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கப்போனவர், எண்ணெய் ஊறிய அந்தப் பையின் வாயைப் பார்த்ததும் கையை அப்படியே நிறுத்தினார். பிறகு அதை மகளிடம் நீட்டினார்.