எட்டுக்காலிகள் செத்த வயல்

பனச்சமூட்டு உரக்கடையில் மகன் பூச்சிமருந்து வாங்கிய நேரம், அதன் நெடி என்னை எல்லைப் போராட்டக் காலத்துக்கு, கொல்லயிலில் இருந்த எங்கள் வயலுக்குக் கொண்டுபோயிற்று.

எங்கள் ஊர் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று நின்றவர் என் தகப்பனார். மலையாளத்தில் அச்சிட்ட எதையும் வாசிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். பூச்சிக்குத் தூவ விவசாய அதிகாரிகள் தந்த வெள்ளைப் பொடியோடு வந்த குறிப்பையும் மடித்துக் கூரையில் செருகினார். பள்ளியில் மலையாளம் படித்த நான் அதை எடுத்து வாசித்தேன். ஒருமுறை மட்டுமே தூவவேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் கேட்காமல் பேசுவதில்லை.

பொடி தீரும்வரை அவர் மூன்றுமுறை தூவச் செய்தார்.

"எட்டுக்காலியெல்லாம் செத்துக் கெடக்கு, ஏமானே. இனி தத்துப்பூச்சிய யாரு பிடிச்சுத் தின்னும்?" என்றார் வேலையாள் தங்கையன்.

"நீ பிடிச்சுத் தின்னுலே" என்றார் அப்பா.

சில வாரங்களில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி பெருகி, கதிர் வருமுன்பே பயிர் கருகியது. மலையாள அதிகாரிகள் கள்ளப்பொடி தந்து ஏமாற்றியதாக அப்பா போராட்டக் கூட்டத்தில் பேசினார். ஊர் நம்பியது.

உரக்கடையிலிருந்து திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "தாத்தாவுக்கு அண்ணைக்குக் குடுத்தது கள்ளப்பொடியாக்கும், இல்லியாம்மா?"

"ஆமா மக்கா" என்றேன்.