கதவோரம்

மரச்சாமான் பட்டறையில் அவரைப் 'பளபளா' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாக அங்கே பாலிஷ் வேலை. மேசையோ அலமாரியோ எது வந்தாலும் உப்புத்தாளால் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் தொட்டுத் தொட்டு ஏற்றி, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். அவர் தலையில் சீவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

மனைவி தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவள். நாள் முழுக்க ஊரார் முகவரியைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றியே ராத்திரி வரை பேசுவாள். மாலையில் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்ப்பாள்.

"இன்னிக்கு வார்னிஷ். சரியா?"

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம்.

அப்புறம்தான் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆறு தடவை கீமோ ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் தடவை மூன்று பேரும் போனார்கள். அவர், அவள், மகள். மருந்து ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் நர்ஸ் ஒரு ஊசியோடு வந்தாள்.

"இது வாந்தி ஊசிம்மா."

"வாந்தி வர்றதுக்கா, வராம இருக்கறதுக்கா?" என்று கேட்டாள் மனைவி. பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அன்றைக்கும் மறுநாளும் ஒரு தொந்தரவும் இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று அவள் பிஸ்கட் கடித்துக்கொண்டே கேட்டாள். மூன்றாம் நாள் ஊசியின் வேலை தீர்ந்துபோனது போலிருந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. அவர் பட்டறையிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அறைக்குள் நுழைந்தார். அவள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையை நீட்டினாள்.

"அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க. அந்த வாசனை..."

சொல்லி முடிப்பதற்குள் குமட்டிவிட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

குளித்துவிட்டு வந்தார். சோப்பு வாசனை அதைவிட மோசம் என்றாள். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளித்தார். பட்டறைக்குப் பத்து நாள் லீவு சொன்னார். முப்பத்திரண்டு வருடத்து ஸ்பிரிட் தோலுக்குள்ளேயே ஊறியிருந்தது போல, அவர் வாசலைத் தாண்டினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை வாசனை மீசையில் தங்கியிருக்குமோ என்று ஒருநாள் மீசையை வழித்துக்கொண்டு வந்து நின்றார். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முற்றி வாந்தியாகி, மகள் ஓடிவந்து வாளியைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அறைவாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் படுக்கை ஹாலுக்கு மாறியது. உள்ளே தண்ணீர் கொடுப்பது, நெற்றியைத் துடைப்பது, தலையணையை மாற்றிப் போடுவது எல்லாம் மகள். அவருக்குக் காது மட்டும்தான். கையில் கிடைத்த உப்புத்தாள் துண்டின் பின்புறத்தில், மரத்தில் கோடு போடுகிற தட்டைப் பென்சிலால், அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் மணியைக் குறித்துவைத்தார். ஏன் குறிக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லீவு முடிந்து பட்டறைக்குப் போனபோது ஒரு பெரிய கட்டில் பாலிஷுக்குக் காத்திருந்தது. யாரோ புதுசாகக் கல்யாணமானவர்களுக்காம். தலைமாட்டுப் பலகையைத் தேய்க்கும்போது மனம் அதில் நிற்கவில்லை. முன்பெல்லாம் மனைவி தூக்கத்தில் புரண்டு வந்து அவர் விலாவில் முழங்கையை ஊன்றுவாள். எத்தனை நாள் எரிச்சலோடு அந்தக் கையைத் தள்ளிவிட்டிருப்பார்! இப்போது ஒரு தடவை அந்த முழங்கை வந்து இடித்தால் போதும் போலிருந்தது. அவள் பேச்சும் குறைந்துவிட்டது. ஊரார் முகவரிகள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்ததுமே அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது. இன்னும் ஊசியும் போடவில்லை, மருந்தும் ஏறவில்லை. அவர் பத்தடி தள்ளி நடந்து வந்தார். உள்ளே நர்ஸ் கேட்பது கதவுக்கு வெளியே அவருக்குக் கேட்டது.

"போன தடவை போட்டதுக்கு அப்புறம் வாந்தி எப்படிம்மா இருந்துச்சு?"

"பரவாயில்ல சிஸ்டர். சமாளிச்சுக்கிட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றே கேட்டார்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"ரொம்ப வாந்தின்னு சொன்னா கீமோவக் குறைச்சிடுவாங்க. அப்புறம் கட்டி திரும்ப வந்தா?" என்றாள். "நீங்க வாயத் திறக்காதீங்க."

அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த முறை நான்கு நாளில் முப்பத்தேழு தடவை. உப்புத்தாளில் இடம் போதாமல் இன்னொரு துண்டு எடுத்தார். கடைசியில் அவள் எழுந்து நிற்க முடியாமல், ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

மூன்றாவது தடவை, டாக்டர் அறையில் அவள் வழக்கம்போல "பரவாயில்ல" என்று ஆரம்பிக்கும்போது, இவர் நேரே உள்ளே போய் இரண்டு உப்புத்தாள் துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். டாக்டர் அம்மா முதலில் சொரசொரப்பான பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பினார். படிக்கப் படிக்க டாக்டர் முகம் மாறியது.

"மூணாம் நாள் மட்டும் பதினாலு தடவையா? ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

மனைவி இவரை முறைத்தாள். "போட்டுக் குடுத்துட்டீங்கல்ல? இனி கீமோவக் குறைச்சிடுவாங்க."



"நீங்க நினைக்கற மாதிரி இதுக்காக கீமோவக் குறைக்க மாட்டோம்," என்றார் டாக்டர். "வாந்தி ஊசியத்தான் மாத்துவோம். இப்ப போடறது சீக்கிரம் தீர்ந்துடுது. வேற ஒண்ணு இருக்கு, ஒரு தடவை போட்டா சில நாள் நிக்கும். அதோட இன்னொரு மருந்து அரைமணி நேரம் டிரிப்ல ஏறும். ஆஸ்பத்திரி கேட்டப் பாத்தாலே வருதுன்னு எழுதியிருக்கே, அதுக்கு ஊசி அவ்வளவா கேக்காது. முந்தின நாளே போட்டுக்கற மாதிரி ஒரு மாத்திரை எழுதறேன்."

வெளியே வந்ததும் மகள் அவர் தோளைத் தொட்டாள். மனைவி அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

மூன்றாம் நாள் வந்தது. அவர் புது உப்புத்தாள் துண்டும் பென்சிலுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி. பதினொன்று. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. எட்டிப் பார்த்தார். அவள் சாய்ந்து உட்கார்ந்து ஒரு ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கீங்க இதுவரைக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் எழுதல."

"மேல வர்றது நின்னுடுச்சு. கீழ போறதும் நின்னுடுச்சு, அதையும் எழுதுங்க. தலைவலியும் இருக்கு."

ஒன்றரை மாதத்தில் அவள் அடித்த முதல் கிண்டல் அது. அவர் எழுந்து உள்ளே ஒரு அடி வைத்தார். அவள் முகம் சுளித்தது. வேண்டுமென்று செய்ததல்ல, முகம் தானாகச் சுளித்தது. அவர் அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

ஊசி வாந்தியைத்தான் நிறுத்தியது. வாசனையை அவள் மூக்கிலிருந்து எடுக்க அதனால் முடியவில்லை. அதுவரை எல்லாம் ஒன்றாகச் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மகளோடு பேசுகிறாள். இவர் மட்டும் எட்டடி தள்ளி. முன்பு அவள் கஷ்டத்தில் இந்தத் தூரம் தெரியவில்லை. இப்போதுதான் அது அறுத்தது.

ஐந்தாம் நாள் காலையில் மகள் கடைக்குப் போயிருந்தாள்.

"ஏங்க, இப்படி வந்து உக்காருங்க."

"வேணாம்மா. ஒத்துக்காது."

"மூச்ச அடக்கிக்கறேன். வாங்க."

கட்டில் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். அவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, குளத்தில் முங்கப் போகிறவள் மாதிரி கண்ணை அகல விரித்தாள். அவர் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். இருபது எண்ணுவதற்குள் மூச்சை விட்டாள்.

"போதும், போங்க."

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. அதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆறு தடவையும் முடிந்தது. கடைசி ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். தலைமுடி பூனைக்குட்டி ரோமம்போல முளைத்தது. அவள் தபால் நிலையத்துக்குத் திரும்பினாள். பஸ் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது மட்டும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாளாம். வீட்டில் சாப்பிடும்போது மேசையின் எதிர்ப்பக்கம் வரை அவரால் வர முடிந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை. அவள் தூங்கும்போது சில சமயம் வாசலில் நின்று பார்த்துவிட்டு ஹாலுக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் தலையணையும் கையுமாக வந்து நின்றாள்.

"அந்த ரூம் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுது. தூங்கவே முடியல."

போன வாரம்தான் அவர் அந்த ஃபேனுக்கு எண்ணெய் விட்டிருந்தார். சுவர்ப்பக்கமாக நகர்ந்தார். அவள் தலையணையைப் போட்டுப் படுத்தாள். முதலில் முதுகைக் காட்டி. கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பி.

"நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவா?" என்றார் மெல்ல.

"பேசாம படுங்க. நேத்து ஒரு கடிதம் வந்துச்சு, முகவரியில வெறும் 'மாமாவுக்கு'ன்னு மட்டும் எழுதியிருக்கு. எந்த மாமான்னு கண்டுபிடிக்கறது?"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கதையில் அவள் தூங்கிப்போய், புரண்டு வந்து அவர் கைமேல் தலையை வைத்துக்கொண்டாள். அவர் இடது கை அவள் தலைக்கடியில் மாட்டிக்கொண்டு மரத்துப் போயிருந்தது. எடுக்கவில்லை.